ஒரு சாண் அழகு

அக்டோபர் 9

கஸ்பார் வந்து இறங்கிவிட்டார். என் தங்கை எமல்டாவின் புருஷன். கல்யாணமான நாள்முதல் மஸ்கட் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, அதுவும் மூச்சு விடுவதற்குள் முடிந்துபோகும். இந்தத் தடவை வேலையையே விட்டுவிட்டு, கம்பளி, ரைஸ் குக்கர் முதற்கொண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இனிமேல் போகவே போவதில்லையாம்.

காரணம் நான். தவசிமுத்து அண்ணாச்சி திருச்செந்தூர் ரோட்டில் கட்டியிருக்கும் ரிசார்ட்டுக்கு ஒரு கேட்டமரான் கேட்டார். எங்கள் ஃபைபர் படகுப் பட்டறையில் படகுகளை வரைகிறவன் நான். ஓட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும் கஸ்பார் பெயரைச் சொல்லி அண்ணாச்சியிடம் வாக்கு வாங்கினேன். படகு ஓடினால் அவர் ஊரில் இருப்பார். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன். எமல்டா மாடிக்கு வந்து, "எண்ணே, ஒங்க புண்ணியத்துல இனி நானும் புருஷன்கூடச் சேந்து பூசைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். போய் மூஞ்சியைக் கழுவு என்றேன்.

அவர்கள் மகள் ஷெரினுக்கு ஏழு வயது. அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் செல்லில் அவருக்கு வீடியோ கால் போடுகிறாள். "அப்பா, சாப்ட்டியளா?" அவரும் கூடத்திலிருந்தே செல்லை எடுத்து, "சாப்ட்டேன் மக்கா. நீ?" என்கிறார். பிள்ளைக்கு அப்பா என்றால் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறவர்தான். எல்லாரும் சிரித்தோம். கஸ்பார் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

அக்டோபர் 17

பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "இது கட்டுமரமா?" இல்லை ஐயா, இல்லை. வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் வேறொன்றுக்கு வைத்துவிட்டான். இது ஒடுக்கமான இரண்டு உடல், நடுவில் இரண்டையும் சேர்க்கிற தளம், தளத்தின்மேல் அறை. தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில், அலை நுழைந்து வெளியே போக ஒரு சந்து. இதையே தினமும் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். உலகத்தில் ஓடுகிற கேட்டமரான்களில் முக்கால்வாசி அவலட்சணம். சாதாரணப் படகுக்குத் தானாகவே ஒரு இடுப்பு வந்துவிடும். இதற்கு வராது. அகலம் வேண்டும், உள்ளே ஆள் நிற்க உயரம் வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு செருப்பின்மேல் மினி பஸ்ஸை நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அந்த உயரத்தைக் கண்ணிலிருந்து மறைப்பதுதான் என் வேலை. பக்கச் சுவரில் நீளவாக்கில் ஒரு மடிப்புக் கொடுத்தால், அதன் நிழல் விழுந்து சுவர் பாதியாகத் தெரியும். ஜன்னல்களைத் தனித்தனியாக வெட்டாமல் ஒரே கறுப்புப் பட்டையாக ஓட்டினால், கூரை பாரமில்லாமல் நிற்கும். எங்கள் முதலாளி இதற்கெல்லாம் 'மேக்கப்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

மேக்கப்பாம்! அழகில்லாத படகை எவனும் கழுவமாட்டான். கழுவாத படகு நாலு மழைக்குத் தாங்காது. பார்த்ததும் மனசுக்குப் பிடிக்கிற படகுக்குத்தான் மனிதன் பாசி சுரண்டுவான், கயிறு மாற்றுவான், வெயிலில் விடாமல் தார்ப்பாய் போடுவான். அழகுதான் படகுக்கு ஆயுசு. இதைச் சொன்னால் எமல்டா, "அதான் நாலு பொண்ணு பாத்தும் ஒண்ணும் ஒங்களுக்குத் தேறல" என்கிறாள். அவளுக்கு எதுவும் கிண்டல்தான்.

நவம்பர் 3

எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கி. அதன் நீளச் சுவரில்தான் படகை முழு அளவில் கரியால் வரைந்து பார்ப்பேன். காகிதத்தில் எல்லாப் படகும் அழகுதான். சுவரில் போட்டு, ரோட்டைக் கடந்து டீக்கடையில் நின்று திரும்பிப் பார்க்கும்போது அதன் சாயம் வெளுக்கும்.

கொச்சியில் எங்களுக்குக் கணக்குப் பார்க்கிற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். தளம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று அவர் குறித்து அனுப்பியிருந்தார். அப்படியே வரைந்தேன். பஸ். சாட்சாத் டவுன் பஸ். கூரையை மட்டும் இறக்கினால் உள்ளே தலை இடிக்கும். யோசித்து யோசித்து, கூரையையும் தளத்தையும் சேர்த்து ஒரு சாண் இறக்கினேன். உள்ளே உயரம் அப்படியே இருக்கிறது. கீழே உள்ள சந்து மட்டும் குறைந்தது. டீக்கடைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மாடி! மூக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் போகிற கோடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரித்தூள் விழுந்துவிட்டதா என்று டீக்கடைக்காரர் கேட்டார், ஆமாம் என்றேன்.

கொச்சிக்காரர் எதையும் கொஞ்சம் கூட்டியே குறிப்பவர். இருந்தாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 5

மழை. கொச்சிக்கு லைன் கிடைக்கவில்லை. மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

நவம்பர் 12

கஸ்பாரைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். கிட்டே போய்க் குனிந்து, தண்ணீர்க் கோட்டுக்கும் தளத்துக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார்.

"மச்சான், தளம் கொஞ்சம் தாழ்ந்தாப்புல தெரியுதோ?"

"அங்கன நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும் மாப்ள. டீக்கடைக்கு வாங்க."

வந்தார். டீ ஆறுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார். கடல் தெரிந்த மனிதர் வாயாலேயே வந்துவிட்டது. இதற்குமேல் கொச்சிக்குப் போன் எதற்கு?

இவரைப்போல ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெண்ணெடுத்த நாளிலிருந்து என் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை.

ஜனவரி 21

இரண்டு உடல்களும் கொச்சி அச்சில் வார்த்து லாரியில் வந்துவிட்டன. தளமும் மேல்கட்டும் மட்டும் இங்கே. கஸ்பார் வீட்டில் சும்மா இருக்கமாட்டேன் என்று பட்டறைக்கு வந்து மற்ற ஆட்களோடு சேர்ந்து ஃபைபர் ஒட்டுகிறார். தளத்தின் அடிப்பாகம் முழுக்க அவர் கையால்தான். கண்ணாடி நார் தோலில் ஏறி உடம்பெல்லாம் அரிப்பு. எமல்டா தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "மஸ்கட்லயே இருந்திருந்தா இந்தச் சொறி வந்திருக்குமா?" என்கிறாள். "இந்தச் சொறி நல்லாத்தாம்ளா இருக்கு" என்கிறார் இவர். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்கிறது. காதுக்கு நன்றாக இருக்கிறது.

ஷெரின் இப்போது கதவைச் சாத்துவதில்லை. அப்பா கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு செல்லில் பேசுகிறாள்.

பிப்ரவரி 10

வெள்ளைக்காகச் சண்டை. முதலாளி வாங்கிவந்தது ஃபிரிட்ஜ் வெள்ளை. அதை அடித்தால் கடல் வெயிலில் பார்க்கிறவன் கண் அவிந்துபோகும். பச்சரிசிச் சோற்றின் வெள்ளை வேண்டும் என்றேன். "ரெண்டும் வெள்ளதானவே" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் டப்பாவை மாற்றி அனுப்பியிருந்தார்.

மார்ச் 19

இன்று சூசையப்பர் திருநாள், தச்சர்களின் காவலர். இன்றைக்கே படகைத் தண்ணீரில் இறக்கினோம்.

சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கப்போனார். எந்த மூக்கில் தெளிப்பது என்று தயங்கி, "ரெண்டு இருக்கே?" என்று என்னைப் பார்த்தார். ரெண்டிலும் சாமி என்றேன். அண்ணாச்சி அவர் முறைக்கு மூக்குக்கு ஒன்றாக இரண்டு தேங்காய் உடைத்தார். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெயாகக் கிடந்தது. கஸ்பார் விசையைத் திருகினார். ஒரு குலுக்கல் கிடையாது. கரையில் நின்ற கூட்டம் கைதட்டவில்லை, ஒரு சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றது. எனக்கு அது போதும்.

அண்ணாச்சி அரிசி மண்டியில் ஆரம்பித்து ஹோட்டல்வரை வந்தவர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அவரே செல்லில் படம் எடுத்து எடுத்து மாய்ந்துபோனார். "தம்பி, எம் பொண்டாட்டிய பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கல பாத்துக்கிடுங்க."

திரும்பி வரும்போது ஷெரின் அப்பாவின் மடியில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருந்தாள். "அப்பா, இது எங்கன வரைக்கும் போவும்?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கையில் செல் இல்லை. கஸ்பார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எமல்டா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள், சின்னவயதில் கிள்ளுவதுபோல.

ஏப்ரல் 14

படகின் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. கொச்சியிலிருந்தே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கணக்கு இன்ஜினியரும் கூப்பிட்டிருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். திருப்பிக் கூப்பிட வேண்டும்.

மே 29

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இனி ஆவணிவரை தென்மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். படகைச் சோதித்து அனுமதி கொடுக்கிற சர்வேயர் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி தன் குடும்பத்தை ஒரு சுற்றுக் கூட்டிப்போகச் சொன்னார்.

துறைமுகச் சுவர் தாண்டியதும் அடியில் ஒரு சத்தம். தளத்துக்குக் கீழே யாரோ உலக்கையால் இடிப்பதுபோல். புதுப் படகு, எல்லாம் இறுகி உட்காருகிறவரை சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சொன்னேன். அண்ணாச்சியின் கொழுந்தியாள் வாந்தி எடுத்துவிட்டார். காலையில் நெய்ப் பொங்கலை ஒரு கட்டுக் கட்டிவிட்டு ஏறினால் வேறென்ன ஆகும்? அவருடைய பிள்ளைகள் அழுததும் பெரிய விஷயமில்லை, பட்டணத்துப் பிள்ளைகள்.

ஜூன் 6

நானும் கஸ்பாரும் மட்டும் போனோம். சத்தம் இருக்கிறது. இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

அலை சந்துக்குள் நுழைகிறது, வெளியே போக இடமில்லை, தளத்தை அடிக்கிறது. அடி என் உள்ளங்காலில் விழுகிறது. பிளாஸ்க் துள்ளிக் கீழே விழுந்து காபி கொட்டியது. கஸ்பார் திசையை மாற்றிப் பார்த்தார், வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. "மெதுவாப் போனா சமாளிச்சிக்கிடலாம் மச்சான்" என்றார். அவர் சொன்ன மெதுவில், கரைக்குத் திரும்புகிற மீன் படகுகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. அதில் ஒருவன் எழுந்து நின்று, "யோவ், கல்யாண மாப்ள கணக்கா ஜோடிச்சிருக்கிய, நடக்கத்தான் மாட்டேங்காரு!" என்று கத்தினான். அவர்கள் சிரிப்பு ரொம்ப தூரம் கேட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு சட்டை துவைத்தேன். காலர் அழுக்குப் போகவில்லை.

ஜூன் 14

சர்வேயர் வந்தார். தாடிகூடச் சரியாக முளைக்காத பையன். டார்ச்சை வாங்கிக்கொண்டு தளத்துக்கடியில் மல்லாந்து படுத்தான். தளம் உடலோடு சேருகிற மூலையில் தலைமுடிபோல ஒரு கீறல். எழுந்து கை துடைத்துக்கொண்டு, படகு கடலுக்குப் போகக்கூடாது என்று சொன்னான். தளத்தை அறுத்து எடுத்து உயர்த்தினால் போகலாம். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று முதலாளி கேட்டார். பையன் விரலை விரித்துக் காட்டினான்.

தளம் ஏறினால் கூரையும் ஏறும். கூரை ஏறினால் அந்தக் கோடு போய்விடும். இது யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் 'ஒரு சாண்தானே' என்கிறார்கள்.

ஜூன் 22

உயர்த்தினால் எப்படி இருக்கும் என்று வரைந்து பார்த்தேன். மடிப்பை இடம் மாற்றினேன், பட்டையை அகலமாக்கினேன், கூரை நுனியை வளைத்தேன். எதைச் செய்தாலும் டவுன் பஸ்தான். பழைய டவுன் பஸ்ஸுக்குப் பூ வைத்ததுபோல.

கஸ்பார் மாடிக்கு வந்தார். படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு மச்சான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒமக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? இதுவா நல்லாருக்கு?" என்று கத்திவிட்டேன். ஓய், உமக்கு என்று அவரிடம் நான் பேசினதே கிடையாது. அவர் கோபப்படவில்லை. படத்தை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் என் கண்ணாடிக்கூட்டை வைத்தார். "இது கடல்ல போவும்லா மச்சான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூலை 2

அண்ணாச்சி ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நான், கஸ்பார், முதலாளி. ஜூஸ் கொடுத்தார்கள்.

அறுத்து உயர்த்துகிற செலவெல்லாம் தன் பொறுப்பு என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு செல்லை எடுத்து, மார்ச்சில் எடுத்த படத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நான் ஒண்ணு மட்டும் கேக்கேன். ஒசத்துனதுக்கப்புறம் பாக்க இதே மாரி இருக்குமா?"

கஸ்பார் என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படி நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஜூஸ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்காது அண்ணாச்சி" என்றேன்.

"கிட்டத்தட்ட?"

"கிட்டத்தட்டக்கூட இருக்காது."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "அப்ப அறுக்காண்டாம். மனசு கேக்கல. லான்ல தூக்கி வச்சி, கீழ லைட்டப் போட்டுருவோம். கல்யாணக்காரங்க போட்டோ எடுக்க ஆவும். கடல்ல ஓட்ட வேற ஒண்ணு கொச்சியிலயே ஆளோட வாங்கிக்கிடுதேன்." ஆளோட என்று சொன்னபோது கஸ்பார் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்கிடாதிய" என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லி ஒரு மனிதன் தலையில் அவலட்சணத்தைக் கட்ட என்னால் முடியாது.

திரும்பும்போது கஸ்பார்தான் பைக் ஓட்டினார். வழியில் நிறுத்தி ஷெரினுக்கு மக்ரூன் வாங்கினார். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஜூலை 3

காலையில் காபி வரவில்லை. கியாஸ் தீர்ந்திருக்கும்.

ஜூலை 7

சாப்பாடு வந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாக ஷெரின் கொண்டுவருவாள், மாமா மாமா என்று ஒரு பாடு பேசிவிட்டுத்தான் போவாள். இப்போது தூக்குச்சட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பரீட்சைச் சமயமாக இருக்கலாம்.

ஜூலை 8

பள்ளிக்கூடம் திறந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. பரீட்சை ஒன்றும் இல்லை.

ஜூலை 15

சாயங்காலம் தனியாக ரிசார்ட்டுக்குப் போனேன். படகை உயர்த்தலாம், பார்க்க நன்றாகவே இருக்கும், நான் அன்றைக்கு ஏதோ நினைப்பில் சொல்லிவிட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொல்வதாக யோசனை. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

படகை அவர்கள் துறையில் கட்டிவைத்திருந்தார்கள். வெயில் இறங்குகிற நேரம். மடிப்பின் நிழல் நான் வரைந்த இடத்திலேயே, அச்சுப் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது. கறுப்புப் பட்டையில் வானம் ஓடியது. சோற்று வெள்ளை லேசாகச் சிவந்தது. வெயில் போகிறவரை நின்று பார்த்தேன்.

அண்ணாச்சி உள்ளேதான் இருந்தாராம். ஆள் வந்து, பாக்கணுமா சார் என்று கேட்டான். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 24

கஸ்பார் மஸ்கட்டுக்குப் பேசுகிற சத்தம் மாடிவரை கேட்டது. பழைய வேலைக்கு ஆள் போட்டுவிட்டார்களாம். அதைவிடச் சின்ன வேலை, லீவும் அதைவிடக் குறைவு. "பரவால்ல சார், பரவால்ல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. ஊரே தெருவில். எமல்டாவும் கஸ்பாரும் சேர்ந்து பூசைக்குப் போனார்கள். அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஷெரின் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன். கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12

போய்விட்டார். ரைஸ் குக்கரும் கம்பளியும் போய்விட்டன. ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம், வேலை கெட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிவிட்டார். வாசலில் என் கையைப் பிடித்து, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க மச்சான்" என்றார்.

மத்தியானம் எமல்டா மாடிக்கு வந்தாள். தூக்கை மேசையில் வைத்தாள். நானாகத்தான் ஆரம்பித்தேன். அண்ணாச்சி கேட்டார், உள்ளதைச் சொன்னேன், நான் என்ன செய்யமுடியும் என்றேன்.

"ஒத்த பொய்" என்றாள். "'இதே மாரி இருக்கும் அண்ணாச்சி'ன்னு ஒத்த பொய் சொல்லியிருக்கலாம்லா? அதுக்குப் பெறவு அவரு பாத்து மூஞ்சியச் சுளிச்சா சுளிக்காரு. எம் புருஷன் இங்கன கெடந்திருப்பாவல்லா?"

"அந்தப் படகு எப்படி ஆயிருக்கும் தெரியுமாட்டி ஒனக்கு?"

"தெரியாது. எனக்கு எதுக்கு அது தெரியணும்?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவிய மொத நாளே தாழ்வா இருக்குன்னு வீட்ல வந்து சொன்னாவ எண்ணே. 'மச்சான்கிட்ட எப்படிளா சொல்லுவேன், கண்ணு கலங்கி நிக்காவ'ன்னாவ. நாந்தான், அண்ணனுக்குத் தெரியாதா, நீங்க சும்ம இருங்கன்னேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தூக்கில் சுறாப்புட்டு. எனக்குப் பிடிக்கும் என்று வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 18

கிரேன் வந்து படகைத் தூக்கிப் புல்தரையில் வைத்தது. இரண்டு உடல்களும் அசையாமல் இருக்க முழங்கால் உயரத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். தண்ணீர்க் கோடு எந்த மட்டத்தில் வரவேண்டும் என்று கேட்டார்கள், காட்டிக்கொடுத்தேன். இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அறுக்காததால் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது.

நவம்பர் 9

முகூர்த்த நாள். ரிசார்ட்டில் மூன்று கல்யாண ஜோடி வரிசையில் நின்றது. ஒரு பெண் மூக்கின் விளிம்பில் கை வைத்துச் சாய்ந்து நின்றாள். போட்டோக்காரன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். நான் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தடவை மழையில் படகில் பாசியே பிடிக்கவில்லை. தினமும் துடைக்க அண்ணாச்சி ஒரு ஆளைப் போட்டிருக்கிறார். நான் சொன்னது சரிதான், பிடித்த படகை மனிதன் பேணத்தான் செய்வான். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. ஆள் யாரும் இல்லை.

டிசம்பர் 21

கிறிஸ்துமஸுக்குப் படகு முழுக்க சீரியல் லைட் போட்டிருக்கிறேன், குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று அண்ணாச்சி கூப்பிட்டார். எமல்டா வரவில்லை. ஷெரினை மட்டும் அனுப்பினாள், செல்லைக் கையில் கொடுத்து.

போனதும் பிள்ளை அப்பாவுக்குக் கால் போட்டாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். "மாமா, அப்பாக்கு நம்ம கப்பலப் பாக்கணுமாம்."

கஸ்பார் கறுத்துப்போயிருந்தார். நலமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம். செல்லைத் திருப்பிப் பிடித்துப் படகைச் சுற்றி நடந்தேன். மூக்கு, மடிப்பு, பட்டை, பின்படி எல்லாம் காட்டினேன்.

"கிட்டக்கத் தெரியல மச்சான். அந்த டீக்கடை தூரத்துல நின்னு காட்டுங்க."

புல்தரையின் கடைசிவரை போய், மதில் ஓரத்தில் நின்று காட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து இழுவைப்படகின் இன்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார்.

பிறகு, "எம் படகையும் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் செல்லைத் திருப்பினார். சதுரமான, துருப்பிடித்த ஒரு பீரோ. சுற்றிலும் பழைய லாரி டயர்களைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடித்த பச்சை பாதி உரிந்து தொங்குகிறது. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அலைகள் வந்து அதில் மோதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அது பாட்டுக்குக் கடலில் இருந்தது.

ஷெரின் செல்லைப் பிடுங்கிக்கொண்டாள். லைட்டுகளுக்கிடையில் ஏறி, படகின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பா, சாப்ட்டியளா?" என்பதுவரைதான் கேட்டது. அதற்குமேல் உள்ளே பேசுவது எதுவும் வெளியே வரவில்லை. கதவு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதையும் நான்தான் வரைந்தேன்.